ஒன்பது நொடி விலகல்

காலை ஆறு நாற்பத்தொன்று.
பணிப் பதிவேட்டில் என் கையெழுத்துதான்:
'பிரதியிலிருந்து விலகல், ஒன்பது நொடி. சிரிப்பொலி.'
சிரித்தது யார் என்று எழுதவில்லை.

பாளையங்கோட்டை, எண்பத்து மூன்று, ஆனி மாதம்.
நிகழ்ச்சிக்குப் பெயர் 'வரப்போரம்'.
பூச்சிமருந்து, உரம், பாபநாசம் அணையின் நீர்மட்டம்.
இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று
மேலிடம் ஒருநாளும் கேட்டதில்லை.
அவர்கள் எழுந்திருப்பது ஏழரைக்கு.

ஆவுடைநாயகம் அண்ணாச்சியாகப் பேசுவார்,
பிரமு மதினியாகப் பேசுவாள்.
அவருக்கு நிஜத்தில் வயல் கிடையாது,
வண்ணாரப்பேட்டையில் ஒரு சைக்கிள் கடையும் ரெண்டு கடனும் உண்டு.
அவளுக்கு மாடு என்றாலே பயம்.
ஆனாலும் அவர்களுடைய பசு கன்று போட்டதாகச் சொன்ன வாரம்
மூன்று தாலுகா சீம்பால் கேட்டுக் கடிதம் போட்டது.

அன்றைய பிரதி, பக்கம் நான்கு:
'அமைச்சர் வருகையை முன்னிட்டுச்
சாலைக் குழிகள் செப்பனிடப்பட்டன.'
பிரமு வாசித்தாள், ஒரு கமாவைக்கூட விடாமல்.
ஆவுடைநாயகம் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்கு வயிறு கலங்கியது.

"ஆமா மதினி, நானும் பாத்தேன்.
அவரு காரு ஆரல்வாய்மொழி தாண்டுமுன்ன
மண்ணத் திருப்பி அள்ளிட்டுப் போய்ட்டாவ."
"எதுக்கு அண்ணாச்சி?"
"வாடகை மண்ணுல்லா!"

என் முழங்கை பேச்சுப் பொத்தான்மேல் கிடந்திருக்கிறது.
என் சிரிப்பு
(பன்றி உறுமுகிற மாதிரி ஒன்று, என் வீட்டுக்காரிக்குப் பிடிக்காதது)
ராதாபுரம் வரைக்கும் போனது.

நெடுஞ்சாலைப் பொறியாளர் எட்டரைக்கே போன் செய்தார்.
பத்து மணிக்குக் குறிப்பாணை.
'வாடகை மண்' என்பது எந்தத் துறையின் சொல்?
அதை அனுமதித்தவர் யார்?
சிரித்தவர் பெயர், பதவி?

தட்டச்சர் எஸ்தர் ஜெபமணி கார்பன் வைத்து உட்கார்ந்தாள்.
'மேற்படி மண் வாடகைக்குப் பெறப்பட்டதாக
மேற்படி அண்ணாச்சி மேற்படி மதினியிடம்...'
அதற்குமேல் அடிக்க முடியவில்லை. எழுந்து கழிப்பறைக்குப் போனாள்.
குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது.
குழாயைவிடச் சத்தமாக அவள்.

நாலாம் நாள் தபால் வந்தது.
திசையன்விளை அட்டை:
'எங்க ஊர்க் குழாயில வார காத்துக்கு
மாசம் எவ்வளவு வாடகை?'
களக்காட்டு முடிதிருத்தகம்:
'பஸ் ஸ்டாண்டு லைட்டை நேற்று
உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.'
கடையத்திலிருந்து ஒரு உறை,
உள்ளே ஒரு சிட்டிகை செம்மண்,
துண்டுச் சீட்டில் 'அட்வான்ஸ்'. வேறொன்றுமில்லை.
உறையை உதறியதில் என் மேசை முழுக்க ஊர்.

முதல் இரண்டு கேள்விக்கும் தெரியாது என்று எழுதினேன்.
மூன்றாவதற்கு:
'தொழில்நுட்பக் கோளாறு.'

எஸ்தர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.
மறுநாள் ஆறு முப்பத்தைந்துக்கு ஆவுடைநாயகம்:
"நேயர்களே, போன வாரம் நம்ம நிலையத்துல
ஒரு தொழில்நுட்பக் கோளாறு சிரிச்சிட்டுது.
பாவம், பிள்ளகுட்டிக்காரக் கோளாறு.
மன்னிச்சுக்கிடுங்க."

அதோடு மதினியைப் பிரித்துவிட்டார்கள்.
அவருக்குப் பதினான்கு நாள் விலைப்பட்டியல் மட்டும்,
எழுதியதை எழுதியபடி,
பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கிக்கொண்டு.

"பாளை மார்க்கெட். கத்தரிக்காய் கிலோ ஒன்றே முக்கால்.
வெண்டைக்காய் இரண்டு.
ரேஷன் கடைகளில் மண்..."

நிறுத்தினார்.
கண்ணாடி வழியாக என்னையே பார்த்தார்.
தெற்கு பஜாரில் டீ ஆற்றுகிற கை
அந்தரத்தில் நின்றிருக்கும்.

"...ணெண்ணெய், இன்று இல்லை."

பிரதியை எடுத்துச் சரிபார்த்தேன்.
எழுத்துக்கு எழுத்து சரி.
'ஆறு நாற்பத்து நான்கு. விலகல் இல்லை' என்று பதிந்தேன்,
முழங்கையை மடியில் வைத்துக்கொண்டு.